பனிக்காலத்தில் வீட்டுக்கோழிக்கு என்ன தீனி, எவ்வளவு, எந்த நேரத்தில்?

ஊட்டி, கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து நீர்ப்பனி விழ ஆரம்பித்ததும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும், அது உறைபனியாக மாறினால் இன்னும் கூடும். முட்டை நின்றுவிட்டது, கோழி இளைத்துவிட்டது, தீனியைக் கூட்டணுமா, மக்காச்சோளம் மட்டும் போதுமா என்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் விழும் குளிரைத் தாங்க நல்ல இறகுள்ள கோழிக்குத் தெரியும். குளிர்காலம் என்று சொல்லி நாம் வெறும் தானியத்தை அள்ளிப் போடுவதும், அதையும் காலையில் போட்டுவிட்டு சாயங்காலம் மறந்துவிடுவதும்தான் அதை அதிகம் கெடுக்கிறது.

குளிர் வந்தால் கோழி உண்மையிலேயே அதிகமாகத் தின்னுமா?

தின்னும், தின்னவும் வேண்டும். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிட நாலு டிகிரி அதிகம். வெளியே 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் அந்தச் சூட்டைக் காப்பாற்ற அது தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. அதற்குக் கீழே போகப் போக, தின்னும் தீனியில் ஒரு பங்கு உடம்பைச் சூடாக வைப்பதற்கே போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் முட்டையும் இறகும் சதையும். தீனி பற்றாவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது முட்டை, அடுத்து இளைப்பது உடம்பு.

சரி, எவ்வளவு கூட்டுவது?

ஒன்றரைக் கிலோ எடையுள்ள நாட்டுப் பெட்டைக்கோழி சாதாரண நாளில் 80 முதல் 100 கிராம் வரை தின்னும், முட்டைக்கென்று வளர்க்கும் பண்ணை இனம் 100 முதல் 120 கிராம். குளிர் ஒரு டிகிரி கூடும்போது தீனித் தேவை ஒன்று, ஒன்றரை சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் ராத்திரி மூன்று நாலு டிகிரிக்கு இறங்கினாலும், தலைக்குந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் பூஜ்ஜியத்தையே தொட்டாலும், பகலில் வெயில் அடித்தால் 18, 20 டிகிரி வந்துவிடுகிறது. ஆகவே சராசரியாகப் பார்த்தால் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூட்டினால் போதும், அதாவது 100 கிராம் கொடுத்த இடத்தில் 110, 115. ராத்திரி முழுக்க மேகம் மூடி பகலிலும் வெயில் காட்டாத நாட்களில் 120 வரை போகலாம். இரண்டு மடங்கு கொடுப்பதெல்லாம் கோழிக்கு இல்லை, எலிக்கும் குருவிக்கும்தான் போகும்.

எந்த நேரத்தில் கொடுப்பது நல்லது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கோழி பொழுது சாய்ந்ததும் அடைந்துவிடும். மார்கழியில் ஆறு மணிக்கு அடைந்தால் மறுநாள் காலை ஆறரை, ஏழு மணி வரை எதுவும் தின்னாது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி, அதுவும் நாளிலேயே குளிர் அதிகமான நேரத்தில். அந்த நேரத்தை அது கடப்பது கழுத்துக்கு அடியில் இருக்கும் இரைப்பையில் நிரப்பி வைத்துக்கொண்டதை வைத்துத்தான். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கீழே இறங்கும், அரைபடும், செரிக்கும், செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். முழுத் தானியம் மாவுத் தீனியைவிட மெதுவாக அரைபடும், அதனால் ராத்திரியில் நெடுநேரம் தாங்கும்.

எனவே தானியத்தை சாயங்காலத்துக்கு ஒதுக்குங்கள். நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள், கோழி ஒன்றுக்கு ஒரு சிறு கைப்பிடி, 25 முதல் 30 கிராம் அளவுக்கு உடைத்த மக்காச்சோளம், கம்பு, சோளம் எது இருக்கிறதோ அதைத் தூவிவிடுங்கள். மலைச்சரிவின் நிழல் பக்கம் வீடு இருந்தால் அங்கே சீக்கிரமே மங்கிவிடும், இன்னும் அரை மணி முன்னதாகவே போடுங்கள். அடைந்தபின் கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றிரண்டு கோழியின் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். எலுமிச்சம்பழம் அளவாவது உருண்டு கெட்டியாக இருக்க வேண்டும். தட்டையாக இருக்கும் கோழி மற்றவற்றிடம் கொத்துப்பட்டு ஒதுங்கியிருக்கும், அல்லது உடம்பு சரியில்லாமல் இருக்கும். அதற்கு மறுநாளிலிருந்து தனியாக இடம் வைத்துத் தீனி போடுங்கள்.

காலையில் சத்துத் தீனி, அதாவது புரதம் உள்ள கலவை. கோழி இறங்கியதும் காத்திருக்காமல் கிடைக்க வேண்டும்.

மக்காச்சோளம் மட்டும் போட்டால் போதாதா? அதுதானே உடம்புக்குச் சூடு?

மக்காச்சோளம் நல்ல தீனி, அதில் சந்தேகம் இல்லை. ஒரு கிலோவில் 3,300 கலோரிக்கு மேல் இருக்கிறது, மஞ்சள் ரகமாக இருந்தால் முட்டையின் கருவுக்கு நிறமும் கொடுக்கும். ஆனால் புரதம் எட்டு ஒன்பது சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். வெறும் மக்காச்சோளத்தைத் தின்ற கோழிக்குக் கொழுப்பு கூடும், வயிறு நிறைந்திருக்கும், அதனாலேயே மற்றதைத் தொடாது, முட்டை நின்றுவிடும், உதிர்ந்த இறகு முளைக்கத் தாமதமாகும். இறகு சரியாக மூடாத கோழிதான் குளிரில் நடுங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு, குளிர் தாங்கவில்லை பாவம் என்று இன்னும் ரெண்டு கைப்பிடி மக்காச்சோளம் போடுகிறோம். இந்தச் சுற்றை நிறுத்துங்கள் என்றுதான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

மொத்தத் தீனியில் கால் பங்கு சாயங்காலத் தானியம், முக்கால் பங்கு கலவைத் தீனி என்பது மலையில் ஒத்துவரும் கணக்கு. நிறைய முட்டையிடும் பண்ணை இனமானால் தானியத்தை இன்னும் குறைத்து, பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

கம்பு குளிர்ச்சி என்கிறார்களே, பனியில் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். குளிர்ச்சி, சூடு என்று நம் வீட்டில் பார்க்கிற பார்வை கோழியின் தீனிக்குப் பொருந்தாது. கம்பில் புரதமும் கொழுப்பும் மற்ற சிறுதானியங்களைவிடக் கொஞ்சம் அதிகம், சின்ன மணியாக இருப்பதால் விடைக்கோழிகளுக்கும் சௌகரியம். ராகியில் புரதமும் சக்தியும் குறைவு, தனியாகப் போடாமல் மற்றதோடு கலந்து போடுங்கள். ரேஷன் அரிசிக் குருணையும் சரிதான், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை.

வீட்டிலேயே கலவைத் தீனி செய்வது எப்படி?

பத்துக் கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறேன். உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு அல்லது சோளம் ஒன்றரைக் கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்குமாகச் சேர்த்து 1 கிலோ 700 கிராம் (சோயாப் புண்ணாக்கு கிடைத்தால் இன்னும் நல்லது), உப்புப் போடாத காய்ந்த மீன்தூள் 600 கிராம், கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் தாது உப்புக் கலவை 200 கிராம். இதில் புரதம் 16, 17 சதவீதம் வரும். சமையல் உப்பு 30 கிராம் போடலாம். மீன்தூள் உப்புக் கருவாட்டில் அரைத்தது என்று சந்தேகம் இருந்தால் அந்த உப்பைப் போடவே போடாதீர்கள், உப்பு மிஞ்சினால் கோழிக்குக் கழிச்சல் எடுத்து செத்தும் போகும்.

எள்ளுப் புண்ணாக்கையும் மீனையும் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும் மெத்தியோனின் என்ற பகுதி குறைச்சல். இறகு என்பதே பெரும்பாலும் புரதம், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல், அதைக் கட்டுவதற்கு இந்த மெத்தியோனின் வேண்டும். எள்ளிலும் மீனிலும் அது இருக்கிறது. மீன் வாடை பிடிக்காதவர்கள் எள்ளின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம், கோழிக்கும் அதில் குறை இல்லை.

கடுங்குளிர் விழும் வாரங்களில் ஒரு கிலோ தீனிக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய் பிசிறிக் கொடுக்கலாம். கொழுப்பு மாவுச்சத்தைப்போல இரண்டே கால் மடங்கு சக்தி தரும், கொஞ்சம் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். அன்றன்றைக்குக் கலப்பதை மட்டும் பிசிறுங்கள், சேர்த்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

கடையில் வாங்கும் லேயர் தீவனம் மட்டும் கொடுத்தால்?

பிரச்சினையே இல்லை, அது முட்டைக்கோழிக்கு என்று கணக்குப் போட்டுச் செய்தது, பகல் முழுக்க அதைத் தொட்டியில் வைத்து, சாயங்காலம் மட்டும் தானியம் தூவினால் வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும், முட்டையிட ஆரம்பிக்காத குஞ்சுகளுக்கு அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும். வயது கலந்து வளர்ப்பவர்கள் வளரும் கோழித் தீவனத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய பெட்டைக்கோழி தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

கார்த்திகையிலிருந்து முட்டையே இல்லை. குளிர்தானே காரணம்?

குளிரும் ஒரு காரணம்தான், ஆனால் அதன்மேல் மட்டும் பழி போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

இறகு உதிர்வு முதல் விஷயம். ஒரு வயது தாண்டிய கோழி பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் பழைய இறகைக் கொட்டிப் புதிதாகப் போடும். அப்போது முட்டையை நிறுத்துவது இயற்கை, இரண்டு மூன்று மாதம் கூட ஆகலாம். புரதம் கூடுதலாகக் கொடுத்தால் இந்த ஓய்வு சுருங்கும்.

அடுத்தது வெளிச்சம். முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நீலகிரியில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது, கோடையில் நீளும் பகலும் பதிமூன்று மணியைத் தொடாது. ஐரோப்பாவிலோ கனடாவிலோ நடப்பதுபோல வெளிச்சம் பாதியாகச் சுருங்கி முட்டை நிற்பது இங்கே நடப்பதில்லை. நாட்டுக்கோழியோ பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டு அடைக்கு உட்காரும் சாதி, அதற்கு விளக்குப் போட்டுக் கட்டாயப்படுத்துவதில் எனக்கு விருப்பம் இல்லை. பண்ணை இனம் வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஒரு சின்ன பல்பு போடலாம். சாயங்காலத்தில் போட்டால் திடீரென்று விளக்கு அணையும்போது கோழி அடையத் தெரியாமல் தடுமாறும்.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மழைக்காலத்தில் மண்ணைக் கிளறினால் புழு, கரையான், வெட்டுக்கிளி என்று கோழி தன் புரதத்தைத் தானே தேடிக்கொண்டது. பனி விழுந்து புல் கருகி மண் இறுகியதும் அந்தப் பூச்சிகள் காணாமல் போய்விடுகின்றன. கோழி முன்பு மாதிரியே மேய்கிறது, நாமும் முன்பு மாதிரியே தானியம் போடுகிறோம், ஆனால் நடுவில் இருந்த பூச்சித் தீனி போய்விட்டது. முட்டை நின்றதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். காலையில் ஒரு வேளை மீன்தூளோ, ஊறவைத்த புண்ணாக்கோ, அவித்துப் பொடித்த முட்டையோ வாரத்தில் மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள், தை முடிவதற்குள் வித்தியாசம் தெரியும்.

காலையில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது, குடிக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

தின்னும் தீனியைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடித்தால்தான் கோழிக்குச் செரிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், தீனி குறைந்தால் சூடும் குறையும். ராத்திரி தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், கூண்டுக்குள் வைக்கவே வேண்டாம், ஈரம்தான் சேரும். காலையில் கை பொறுக்கும் சூட்டில் வெதுவெதுப்பாக ஊற்றி வையுங்கள், மத்தியானம் ஒரு முறை மாற்றுங்கள், தானியம் தூவுவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஒரு முறை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். இரும்புத் தகரத்தைவிட மண் சட்டியோ தடித்த பிளாஸ்டிக்கோ நல்லது. வெயில் முதலில் விழும் மூலையைப் பார்த்து அங்கே வைத்தால் பாதி வேலையை வெயிலே செய்துவிடும்.

தீனி மூட்டையில் லேசாகப் பூசணம் பிடித்திருக்கிறது. வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. காய்ந்தால் பூசணம் சாகும், அது விட்டுவிட்டுப் போன விஷம் சாகாது.

பூசணங்களில் சில அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன, மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும்தான் அது அதிகம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த நஞ்சு அது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள், அஃப்ளாடாக்ஸினே அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. கோழி வான்கோழியைவிடக் கொஞ்சம் தாங்கும். ஆனால் தாங்குவது என்றால் உடனே சாகாது என்று மட்டும்தான் அர்த்தம், கல்லீரல் கெடும், முட்டை குறையும், போட்ட தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. சுட வைத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுசாகப் போகாது.

மலையில் வடகிழக்கு மழையும் மூடுபனியும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே ஈரம் இருக்கும். ஆகவே மலைக்காரர்கள் மாதக் கணக்குக்குத் தீனி வாங்கிச் சேர்க்காமல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வராதபடி வாங்குங்கள். வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், சில்லென்று ஈரமாகவோ கட்டி கட்டியாகவோ இருந்தால் வேண்டாம். மக்காச்சோளத்தைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். பூசணம் கண்டதைக் குழியில் போட்டு மூடுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் இறங்கும்.

காய்கறிக் கழிவு போடலாமா?

மலையில் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் கழிவுக்குப் பஞ்சமே இல்லை, பனியில் புல் கருகிப்போன நாட்களில் பச்சைக்கு அதுதான் வழி. கேரட்டைத் துருவியோ பொடியாக நறுக்கியோ போடுங்கள், அதன் தழையும் ஆகும். முட்டைக்கோஸின் வெளி இலைகளில் மருந்து படிந்திருக்கும், மருந்தடித்த தோட்டத்து இலையானால் வெளிச்சுற்றைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், கோழி பகலெல்லாம் எம்பிக் கொத்திக்கொண்டிருக்கும், சும்மா நின்று ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் குறையும். கீழே சமவெளியிலிருந்து முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதீர்கள்.

சிலவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பச்சை படிந்த உருளைக்கிழங்கும் அதன் முளையும் தோலும் விஷம், வேகவைத்த நல்ல உருளை பரவாயில்லை. நம் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட்டின் தோல், கொட்டை, இலை மூன்றிலும் பறவைகளின் இதயத்தைத் தாக்கும் பொருள் இருக்கிறது, கழிவுக் குப்பையோடு அது போய்விடாமல் பாருங்கள். வேகாத பீன்ஸ் விதையும் ராஜ்மாவும் வேண்டாம். டீ வடிகட்டிய சக்கையையும் குப்பைக்கே அனுப்புங்கள், தேயிலை ஊரில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளிஞ்சல், கல்லெல்லாம் பனிக்காலத்திலும் வேண்டுமா?

வேண்டும். கோழிக்குப் பல் இல்லை, தானியத்தை அரைப்பது உள்ளே அரைவைப்பையில் கிடக்கும் சின்னக் கற்கள்தான், சாயங்காலத் தானியம் கொடுக்கும்போது அவை இன்னும் தேவை. அடைத்தே வளர்ப்பவர்கள் அரிசி அளவு கல்லை ஒரு சட்டியில் வையுங்கள். தோல்முட்டை வந்தால் கிளிஞ்சலையோ, வறுத்துப் பொடித்த முட்டை ஓட்டையோ வையுங்கள், சாயங்காலத்தில் தின்ன வாகாக.

சுடச்சுடக் கூழ், மிளகு, சுக்கு, மஞ்சள்?

வெந்நீரில் பிசைந்த தீனி காலையில் கோழிக்குப் பிடிக்கும், வெதுவெதுப்பாகக் கொடுங்கள், அரை மணியில் தின்று தீரும் அளவு மட்டும். மிச்சம் கிடந்தால் புளிக்கும், உறையும், அலகிலும் தாடியிலும் ஒட்டி ஈரமாகும். மிளகு, மஞ்சள், பூண்டு கொஞ்சம் அரைத்துக் கலப்பதில் கெடுதல் இல்லை, நம் ஊரில் நெடுநாளாகச் செய்கிறார்கள். ஆனால் அதைச் செய்துவிட்டு தடுப்பூசி வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் எந்தக் கஷாயமும் நிறுத்தாது, பக்கத்து வீட்டுக் கோழியையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். கால்நடை மருந்தகத்தில் கேட்டு, பனி தொடங்குவதற்கு முன்பே தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் முடித்துவிடுங்கள். வயிற்றில் புழு இருக்கும் கோழிக்கு நீங்கள் கூட்டிக் கொடுக்கும் தீனி புழுவுக்குத்தான் போகும்.

கூண்டுக்குள் கரி அடுப்பு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, மனிதரையே தூக்கத்தில் கொன்றுவிடும், கோழி எம்மாத்திரம். வளர்ந்த கோழிக்கு வெளிச்சூடு தேவையில்லை. காய்ந்த தரை, மேலே காற்றுப் போக இடைவெளி, கோழிமேல் நேராக அடிக்காத காற்று, காலைச் சிறகால் மூடி உட்கார ஒரு தடித்த கட்டை, அது போதும். குளிருக்குப் பயந்து சாக்கால் சுற்றிலும் அடைத்துவிட்டால் மூச்சும் எச்சமும் சேர்ந்து உள்ளே ஈரமும் நெடியும் கட்டிச் சளி பிடிக்கும். நனைந்த கூண்டில் இருக்கும் கோழிக்கு எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பில் ஒட்டாது.

பனியில் பொரித்த குஞ்சுகளுக்கு?

குஞ்சுகள் கதை வேறு. அவற்றுக்கு இறகு கிடையாது, முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தாய்க்கோழி இருந்தால் அவளே பார்த்துக்கொள்வாள். பல்புக்கு அடியில் வளர்த்தால் குஞ்சுகளே சொல்லும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். தீனி 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம், கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பல தடவை. தண்ணீர் வெதுவெதுப்பாக, ஆழமில்லாத தட்டில், உள்ளே கூழாங்கல் போட்டு. நனைந்த குஞ்சு குளிரில் பிழைப்பது கஷ்டம். குளிர்ந்துபோன குஞ்சு தீனி இருந்தும் தின்னாது, அதனால் முதலில் சூடு, பிறகுதான் தீனி.

அடைக்கோழி எழுந்து வரவே மாட்டேன் என்கிறது, தீனி எப்படி?

அடையில் இருக்கும் 21 நாளும் அது நாளுக்கு ஒரு முறை, கால் மணி நேரம் மட்டும் எழுந்து வரும். பனிக்காலத்தில் அதற்குள் முட்டை ஆறிவிடும். தீனி தேடி அலையாமல் இருக்க, கூடைக்கு நாலடி தள்ளி முழுத் தானியமும் தண்ணீரும் எப்போதும் தயாராக வையுங்கள். முழுத் தானியம் கொடுத்தால் சீக்கிரம் நிரப்பிக்கொண்டு திரும்பும், எச்சமும் கெட்டியாக இருக்கும். எழவே இல்லையென்றால் மத்தியான வெயிலில் நீங்களே தூக்கித் தீனிக்குப் பக்கத்தில் விடுங்கள்.

ராத்திரியில் பசித்தால் தின்னட்டும் என்று வெளியே தீனி வைக்கலாமா?

இருட்டில் கோழி தின்னாது. மற்றவை தின்ன வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு, மரநாய். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி வீடுகளுக்குள் வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், எண்ணெய் வாசனையும் புண்ணாக்கும் கரடியை இழுக்கும். மாலையில் தொட்டியைத் துடைத்து உள்ளே எடுத்து, தீனி டிரம்மைப் பூட்டிய அறையில் வையுங்கள். தூவிய தானியமும் பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும் அளவுதான் இருக்க வேண்டும்.

என் தங்கை கனடாவில் கோழி வளர்க்கிறாள், அங்கே மைனஸ் 20. இதெல்லாம் பொருந்துமா?

அடிப்படை ஒன்றுதான், சாயங்காலத் தானியம், காலைப் புரதம், உலர்ந்த கூண்டு. தீனி நம்மைவிட அதிகம் தேவைப்படும், கொண்டை உறைந்து கருக்கும் ஆபத்தும் அங்கே உண்டு. தண்ணீர் சில மணி நேரத்திலேயே கல்லாகிவிடும் என்பதால் அடியில் மின்சாரச் சூடு உள்ள தட்டு வாங்குவது நல்லது. டொரான்டோ பக்கம் டிசம்பரில் பகலே ஒன்பது மணி நேரம்தான், முட்டை நிற்பதை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. வீட்டில் கோழி வளர்க்க அனுமதி ஊருக்கு ஊர் மாறும், அதை முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொடுக்கும் தீனி போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இறகு மூடியிருப்பதால் கண்ணால் பார்த்தால் ஏமாற்றும், பனியில் சிலிர்த்துக்கொண்டு இன்னும் குண்டாகத் தெரியும். வாரம் ஒரு முறை, அடைந்தபின், கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவுங்கள். கத்தி மாதிரிக் கூர்மையாகக் கைக்குத் தட்டினால் இளைத்திருக்கிறது. இரு பக்கமும் சதை உருண்டு, நடுவில் எலும்பு லேசாகத் தெரிந்தால் சரி. எலும்பே கைக்குத் தெரியாவிட்டால் தானியத்தைக் குறையுங்கள். எல்லாம் நன்றாக இருக்க ஒன்று மட்டும் இளைத்தால் அது தீனிக் குறை இல்லை. தீனி இருந்தும் தின்னாமல் ஒதுங்கி நிற்பது, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிவது, மூச்சில் கரகரப்பு, கழுத்தைத் திருகிக்கொள்வது, இதில் எது தெரிந்தாலும் அன்றே பிரித்து வைத்துவிட்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

எப்போது பழைய அளவுக்குத் திரும்பலாம்?

மாசி பாதியில் ராத்திரிக் குளிர் விட ஆரம்பித்ததும் சாயங்காலத் தானியத்தைப் பத்து நாளில் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். காலைப் புரதத்தை மட்டும் அப்போதே குறைத்துவிடாதீர்கள். பனி போனாலும் மண் காய்ந்துதான் கிடக்கும், சித்திரையில் கோடை மழை இறங்கிப் பூச்சிகள் மறுபடி வரும் வரை அதைத் தொடர்ந்து கொடுங்கள்.